தேன் தராத தேனீக்கள்

(திருப்பத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேனீயைப் பற்றிப் பேச அழைத்தால் எல்லோரும் தேனில் தொடங்குவார்கள். நான் கத்திரிக்காயில் தொடங்குகிறேன். ஆம்பூர் பிரியாணியின் புகழ் ஊருக்கு ஊர் போர்டு மாட்டிப் பரவியிருக்கிறது. இலையில் அதற்குப் பக்கத்தில் வைக்கிற கத்திரிக்காய்த் தொக்கை மட்டும் யாரும் பாடுவதில்லை. ஆனால் ஒரு நாள் தொக்கு இல்லாமல் பிரியாணி வைத்துப் பாருங்கள், கடைக்காரர் பதில் சொல்லி மாளாது. அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியில் விளைகிற முள்ளுக் கத்திரிக்காய்க்கு, வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அந்தக் காய் காய்க்கிற விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். கத்திரிப்பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்பவை மகரந்தப் பைகள். மற்றப் பூக்களில் இந்தப் பை நீளவாக்கில் வெடித்து மகரந்தம் வெளியே தூவிக் கிடக்கும். கத்திரியில் அப்படி வெடிப்பதில்லை. பையின் நுனியில் சின்ன ஓட்டை மட்டும் உண்டு, மிளகுத்தூள் டப்பா மாதிரி. குலுக்கினால்தான் விழும். இந்தப் பூவில் தேனும் கிடையாது. ஆகவே தேனுக்கு அலைகிற தேனீக்கு இங்கே பெரிதாக வேலை இல்லை.

குலுக்குவது யார்? கருவண்டு. பழைய வீட்டு உத்தரத்திலும் பந்தல் மூங்கிலிலும் வட்டமாக ஓட்டை போட்டுக் குடியிருக்குமே, கட்டை விரல் பருமனில் கன்னங்கரேலென்று, அதுதான். பேரில்தான் வண்டு, பிறப்பில் தேனீ இனம். அது பூவைக் காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறக்கிற தசையை மட்டும் அதிரவிடுகிறது. பறக்கும்போது ஒரு சுருதியில் இருந்த ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று மேலே ஏறும். காலை வேளையில் கத்திரித் தோட்டத்தில் நின்றால் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த அதிர்வில் ஓட்டை வழியாக மகரந்தம் கொட்டுகிறது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட சின்னத் தேனீ ஒன்றும் இதே வித்தையைச் செய்யும். அது மண்சுவரில் வளை தோண்டி வாழ்கிறது. நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. கத்திரி தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கக்கூடிய செடிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பூச்சிகள் வந்து குலுக்கிப் போன பூவில் காய்ப்பிடிப்பு கூடுகிறது, காயும் திரண்டு வருகிறது.

இன்று நான் பேச வந்தது இப்படிப்பட்ட தேனீக்களைப் பற்றித்தான். இவை ஒரு சொட்டுத் தேன்கூட நமக்குத் தருவதில்லை. பாட்டிலில் அடைத்து விற்க முடியாததால் இவற்றுக்கு வாரியம் இல்லை, மானியம் இல்லை, யாரும் கணக்கெடுப்பதும் இல்லை. உலகத்தில் பெயர் சூட்டப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் தேன் அடை கட்டுகிற இனங்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். நம் பக்கத்தில் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ, புதரில் சின்ன அடை கட்டும் கொம்புத்தேனீ, மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டும் நம் நாட்டு அடுக்குத்தேனீ, வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ. இவற்றோடு, கொட்டத் தெரியாத கொசுத்தேனீயையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் தனியாகவோ சிறு குடும்பமாகவோ மண்ணுக்குள்ளும் காய்ந்த குச்சிக்குள்ளும் வாழ்பவை.

இந்தத் தோல் வட்டாரத்தில் நின்றுகொண்டு பேசுகிறவன் இன்னொரு பூவைச் சொல்லாமல் போனால் தப்பு. ஆவாரம்பூ. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுக் கரையில் தோல் தொழில் வேர் பிடித்த காலத்தில் இங்கே குரோமியம் ஏது? ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த தொட்டியில்தான் தோல் பதமானது. கடைசிப் பக்குவத்துக்குக் கடுக்காய். அப்படிப் பதமான தோல்தான் கப்பலேறி லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்தது. 1972-இல் சீதாராமையா குழு, அரைகுறைப் பதத்தில் தோலை அனுப்பாமல் முடித்த பொருளாக அனுப்ப வேண்டும் என்றது. அதன் பின்னால் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் வந்தன, குரோம் பதனிடுதல் முழு வீச்சில் பரவியது.

அந்த ஆவாரம்பூவும் கத்திரிப்பூவின் சாதிதான். அதிலும் தேன் இல்லை, மகரந்தப் பையின் நுனியில் ஓட்டை. அதையும் கருவண்டு வந்துதான் குலுக்க வேண்டும். ஆவாரை விதை கட்டிப் பெருகுவதற்கு இந்த வண்டின் தயவு வேண்டும். அப்படியானால் பட்டைத் தொட்டிகளின் காலத்தில் இந்த ஊர்த் தோல் தொழிலுக்கு மூலப்பொருள் சப்ளை செய்தவர்களில் கருவண்டும் ஒருவர். எந்தத் தொழிற்சாலை வரலாற்றிலும் அவர் பெயர் இருக்காது. செருப்புத் தைக்கிற நூலுக்குப் பூசும் தேன்மெழுகையாவது சிலர் நினைவு வைத்திருப்பீர்கள்.

தேனீயின் முக்கியத்துவத்தைச் சொல்லும்போது மிகைப்படுத்துவது ஒரு வழக்கமாகிவிட்டது. தேனீ அழிந்தால் நான்கே வருடத்தில் மனிதன் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு சான்றும் இல்லை. உண்மையும் அதுவல்ல. நெல், கேழ்வரகு, சாமை, சோளம் எதுவும் தேனீக்காகக் காத்திருப்பதில்லை. காற்றிலும் தன் மகரந்தத்திலும் மணி பிடித்துவிடும். சோறு கிடைக்கும். குழம்பு வைக்க, பொரியல் செய்ய, தாளிக்க என்று கிளம்பும்போதுதான் சிக்கல். உலக அளவில் முக்கியமான 115 பயிர்களை 2007-இல் ஓர் ஆய்வுக் குழு எடுத்துப் பார்த்தது. பூச்சியோ பறவையோ வௌவாலோ வந்தால் விளைச்சல் கூடுகிற பயிர்கள் அவற்றில் 87. எடைக் கணக்கில் அது உலக விளைச்சலின் 35 சதவீதம். பொய்யான பயமுறுத்தலைவிட இந்தக் கணக்கே போதுமான கவலையைத் தருகிறது.

நம் மாவட்டத்துக்குக் கணக்கை இறக்கிப் பாருங்கள். பாகல், புடலை, பூசணிக் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. யாராவது சுமந்து போனால்தான் பிஞ்சு. முருங்கைப் பூவுக்கு மறுபடியும் நம் கருவண்டுதான் முக்கிய விருந்தாளி. உச்செள்ளு என்றும் பேயெள்ளு என்றும் சொல்கிறோமே, மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அந்த எண்ணெய் வித்து, அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தேனீ வரவில்லை என்றால் எண்ணெய்ச் செக்குக்குப் போக மணி இருக்காது. திருப்பத்தூருக்குப் பெயர் வாங்கித் தந்த சந்தன மரம்கூட விதை கட்டப் பூச்சிகளைத்தான் நம்பியிருக்கிறது. அரசுச் சந்தனக் கிடங்கைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள், காட்டில் அடுத்த சந்தனக் கன்று முளைப்பதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டும். மா விஷயத்தில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: மாம்பூவில் தேனீயைப் போலவே ஈக்களும் வேலை செய்கின்றன. ஆகவே மாந்தோப்பைக் காப்பது தேனீ மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, எப்படிக் காப்பாற்றுவது? இந்தக் கேள்விக்கு உடனே வருகிற பதில், பெட்டி வையுங்கள் என்பது. பெட்டி வைப்பது நல்ல தொழில், நான் எதிரி இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு நூறு வருடக் கதை உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களில் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சின்னப் பெட்டியை வடிவமைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் அந்தப் பெட்டி. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமத்து மக்களுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். ரப்பர் தோட்டங்களில் பெட்டி பெருகியது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு நோய் வந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டறிந்த வைரஸ். புழு அடைக்குள்ளேயே நீர் கோத்த பையாக உப்பிச் செத்துப்போகும். தென்னிந்தியாவில் பெட்டியில் இருந்த நாட்டுத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பகுதி அதில் போய்விட்டது. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு ஓரிரு வருடத்தில் படுத்தது. மார்த்தாண்டம் மீண்டு எழுந்தது, 2023-இல் அதன் தேனுக்கும் புவிசார் குறியீடு வந்தது. அந்த நோய் நமக்குக் காட்டியது என்ன? ஒரே இனத்தை ஒரே இடத்தில் குவித்து வைத்தால், ஒரு கிருமி போதும்.

பெட்டி வைத்தால் தேனும் கிடைக்கும், தென்னந்தோப்புக்கும் உச்செள்ளுக்கும் நன்மையும் உண்டு. ஆனால் ஆவாரையிலும் கத்திரியிலும் அது கருவண்டுக்கு மாற்று இல்லை. பூவே இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால், சர்க்கரைப் பாகு ஊற்றியே காலம் தள்ள வேண்டும். முதலில் பூ வேண்டும்.

பூ எங்கே போயிற்று என்று கேட்டால் இந்த ஊரில் பதில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் வட்டாரத்தில் கழிவுநீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிற்று என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உப்பேறிய நிலத்தில் நெல் போயிற்று, கரும்பு போயிற்று, வாழை போயிற்று என்று நஷ்டக் கணக்கு எழுதினோம். வரப்போரத்துத் துளசியும், தும்பையும், வேலியோரத்துப் புங்கும் போனதை யாரும் எழுதவில்லை. தோல் தொழிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. இந்த அவையில் பாதிப்பேர் வீட்டு அடுப்பு அந்தத் தொழிலால் எரிகிறது என்பது எனக்கும் தெரியும். தேனீயின் இழப்பும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அந்தத் தீர்ப்பை நான் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் திட்டமாகச் சொன்னது நம் பாலாற்று வழக்கில்தான். பெரிய கேடு வரும் என்ற அறிகுறி இருக்கும்போது, விஞ்ஞானம் நூறு சதவீதம் நிரூபிக்கட்டும் என்று கையைக் கட்டிக் காத்திருக்கக் கூடாது. தீங்கில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு அந்தக் காரியத்தைச் செய்கிறவருடையது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே பாடம் நடத்துகிறார்கள். தோல் கழிவுக்குச் சொன்ன அந்த நியாயத்தைப் பூச்சி மருந்துக்கும் கேட்கலாம்.

நாட்டறம்பள்ளியிலும் வாணியம்பாடிப் பக்கத்திலும் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மா பூக்கும்போது தத்துப்பூச்சி வரும், இமிடாகுளோபிரிட் அடிப்பார்கள். டப்பாவில் ஒரு முக்கோணம் போட்டிருக்கும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று. சிவப்பு கடுமையான விஷம், பச்சை லேசானது என்று எல்லோரும் புரிந்துவைத்திருக்கிறோம். அந்த நிறம் யாருக்கு எவ்வளவு விஷம் என்று சொல்கிறது? எலி போன்ற பிராணிகளில் சோதித்துப் பார்த்து, மனிதனுக்கு என்ன ஆபத்து என்று கணித்த நிறம் அது. தேனீக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நானோகிராம் என்று பெயர். இமிடாகுளோபிரிட்டில் சில பத்து நானோகிராம் ஒரு தேனீயைக் கொல்லப் போதும். இது செடிக்குள் ஊடுருவிப் பாய்கிற மருந்து. சாற்றோடு ஏறி மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போய்ச் சேரும். சாகாத தேனீயும் வழி தெரியாமல் திரும்பி வராமல் போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இதையும் இதே குடும்பத்து இன்னும் இரண்டு மருந்துகளையும் திறந்த வயலில் அடிக்கத் தடை போட்டது. நம் ஊர்க் கடையில் கேட்டவுடன் கிடைக்கிறது.

சாயங்காலம் அடியுங்கள், அப்போது தேனீ வராது என்று ஒரு அறிவுரை உண்டு. நல்ல அறிவுரைதான், பட்டவுடன் கொன்று சீக்கிரம் உதிர்ந்துபோகும் மருந்துக்கு அது பொருந்தும். ஊடுருவிப் பாயும் மருந்துக்குச் சாயங்காலமும் ஒன்றுதான், காலையும் ஒன்றுதான். பூங்கொத்து தலைகாட்டும் முன்பே பார்த்து, பூச்சி இருக்கும் மரத்துக்கு மட்டும் அடிப்பதும், பூ விரிந்த பிறகு தொடாமல் விடுவதும்தான் வழி. கத்திரித் தோட்டம் இன்னும் மோசம். காய்ப்புழுவுக்குப் பயந்து வாரா வாரம் தெளிக்கிற தோட்டங்கள் உண்டு. இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, புழு விழுந்த குருத்தைக் கிள்ளி எரித்தாலே தெளிக்கிற தடவை வெகுவாகக் குறையும். செலவும் மிச்சம். வண்டும் மிச்சம்.

மருந்தைப் போலவே இன்னொரு கொலைகாரனும் நம்மிடையே சத்தமில்லாமல் இருக்கிறான். டீக்கடைப் பேப்பர் கப். மதுரைத் தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கப்பின் அடியில் ஒட்டியிருக்கும் இனிப்பைத் தேடி வந்து தேனீக்கள் அதிலேயே மடிகின்றன. ஒரு கடையில் ஒரு நாளைக்குச் சராசரி 168 தேனீ. ஜோலார்பேட்டை ஜங்ஷனைச் சுற்றி எத்தனை டீக்கடை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளருக்குத் திரும்பலாம்; முடியாவிட்டால் குப்பைத் தொட்டிக்கு ஒரு மூடியாவது போடலாம். இதற்குச் சட்டமும் வேண்டாம், திட்டமும் வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியிலும் பள்ளிக் கட்டடத்திலும் மலைத்தேனீ அடை கட்டினால் தீப்பந்தம் பிடித்து எரிக்கிறோம். பயம் நியாயமானது, கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் மலைத்தேனீ நிரந்தரக் குடித்தனக்காரர் அல்ல. பூக்கும் பருவம் பார்த்து வரும், பருவம் முடிந்தால் தானே கிளம்பிவிடும். அது வரை கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுத்து, கல்லெறியாமல், புகை போடாமல், பட்டாசு வெடிக்காமல் விட்டால் போதும். கட்டாயம் அகற்றித்தான் ஆக வேண்டிய இடமாக இருந்தால், எரிக்காமல் கலைக்கத் தெரிந்த தேன் எடுப்பவர்களைக் கூப்பிடுங்கள். ஜவ்வாது மலையில் தேன் எடுக்கும் மலையாளி மக்களுக்கு இந்தப் பக்குவம் பரம்பரையாகத் தெரியும். புழு இருக்கும் அடையை விட்டு, தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்தால் கூட்டம் பிழைக்கும். ஒன்று கொட்டிவிட்டால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். கொடுக்கோடு ஓர் ஆபத்து மணமும் வெளிவருகிறது, கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. அது மற்றத் தேனீக்களைக் கூப்பிடும். முகத்தை மூடிக்கொண்டு கதவடைத்த அறைக்குள் போய்விட வேண்டும்.

சீமைக்கருவேலம் பற்றி ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. நிலத்தடி நீருக்காகப் பிடுங்கட்டும். ஆனால் வறண்ட கோடையில் கொம்புத்தேனீக்குச் சோறு போடுவது பல இடங்களில் அந்த முள்மரம்தான். பிடுங்குகிற இடத்தில் புங்கு, வேம்பு, நாவல், இலுப்பை, ஆவாரை என்று மாறி மாறிப் பூப்பதாக எதையாவது நட்டுவிட்டுப் பிடுங்குங்கள். சாலை அகலப்படுத்தும்போது போன புளியமரங்களுக்கும் இதே கணக்கு. அழகுக்காக அரளியும் போகன்வில்லாவும் வைத்தால் கண்ணுக்குப் பசுமை, தேனீக்குப் பட்டினி.

கருவண்டுக்கும் நீலப் பட்டைத் தேனீக்கும் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். தோட்டத்து மூலையில் காய்ந்த முருங்கைக் கட்டையும் ரெண்டு மூங்கிலும் கிடக்கட்டும். இடிந்த மண்சுவர் ஒன்று நிற்கட்டும். ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். வேலியோரத்தைக் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்காதீர்கள். அரசுத் திட்டம் வேண்டும் என்பவர்களுக்கு, 2020-இல் ஒன்றிய அரசு அறிவித்த தேனீ வளர்ப்புத் திட்டம் 500 கோடி ரூபாய்க்கு இருக்கிறது. பெட்டிக்கும் பயிற்சிக்கும் தோட்டக்கலைத் துறையிடம் கேட்கலாம். மண்சுவருக்கு அதில் தலைப்பு கிடையாது.

கடைசியாக ஒரு வேலை சொல்லிவிட்டு அமர்கிறேன். மா பூக்கத் தொடங்குவது டிசம்பர் கடைசியில். நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம், கிராம சபை கூடும். மாந்தோப்பு உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் இரண்டு வரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். பூ விரிந்திருக்கும் நாட்களில் தோப்பில் மருந்து அடிப்பதில்லை என்பது முதல் வரி. ஊராட்சிக்குச் சொந்தமான ஏரிக்கரை, வாய்க்கால் கரை, சுடுகாட்டு வேலி எதிலும் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்பது இரண்டாவது. பக்கத்துத் தோப்புக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தீர்மானம் வீண் என்பீர்கள். தத்துப்பூச்சிக்கும் தோப்பு எல்லை தெரியாது. ஆகவே அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வேளாண் உதவி அலுவலரை அன்றைக்கு அழைத்து உட்கார வைத்து, எந்த மருந்து ஊடுருவுவது, எது ஊடுருவாதது என்று எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்று மருந்துக் கடை வாசலிலும் ஒட்டியிருக்கட்டும்.